நகரசபைக்கு எஜமான் யார்?

ரிப்பன் பிரபு கொடுத்ததும் பிளேக் கமிட்டி எடுத்துக்கொண்டதும்

ஆகுர்டி: ஆகுர்டி ஸ்டேஷனில் புனே செல்லும் லோக்கல் ரெயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சிஞ்ச்வட். இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளி கண்ணயர்வதற்குள் ரெயில் அங்கே நின்றுவிடும். அந்தச் சிஞ்ச்வட்டில் மூன்று சகோதரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. தாமோதர், பாலகிருஷ்ணன், வாசுதேவ் என்னும் சாபேகர் சகோதரர்கள். மூவருமே தூக்கில் தொங்கியவர்கள்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவரைச் சுட்டுக்கொன்ற தேசபக்தர்கள் என்ற அளவில் இவர்களை நம்மவர் பலரும் அறிவார்கள். ஆனால் சுடப்பட்ட ராண்ட் என்பவர் யார்? ராணுவத் தளபதி அல்ல. போலீஸ் சூப்பரிண்டெண்டும் அல்ல. ஒரு நகரத்தின் சுகாதாரத்தைக் கவனிக்கச் சர்க்கார் நியமித்த கமிட்டியின் தலைவர். நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, வீட்டைக் கழுவி மருந்து தெளிப்பது, சாக்கடையைச் சுத்தம் செய்வது ஆகியவைதான் அவருக்கு இட்ட வேலை. எல்லாமே நகரசபை செய்கிற வேலைகள். அப்படிப்பட்ட வேலை துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது எப்படி?

இதற்கு விடை தேடப் போனால், "நகரசபைக்கு எஜமான் யார்? வரி கொடுக்கிற ஜனங்களா, மேலே இருந்து வருகிற அதிகாரியா?" என்ற நூறாண்டு வழக்கில் வந்து நிற்கவேண்டும். அந்த வழக்கு முடிந்துவிட்டதாக ஆகுர்டிவாசி எவரும் சொல்ல மாட்டார்!

வரி உண்டு, வாய் இல்லை

1850ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம் என்று ஒன்று. ஓர் ஊரார் விரும்பினால் தங்கள் ஊரில் முனிசிபாலிடி அமைத்துக்கொள்ளலாம், அதற்காக வரி போட்டுக்கொள்ளலாம் என்றது அது. பம்பாய் மாகாணத்தில் பல ஊர்களில் இச்சட்டப்படி நகரசபைகள் தோன்றின. பூனா (அன்று புனேயை அப்படித்தான் எழுதினார்கள்) நகரசபையும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பிறந்ததுதான். பெயர் என்னவோ ஊரார் சபை. உட்கார்ந்தவர்களோ கலெக்டரும், அவர் பார்த்து நியமித்த கனவான்களும். தெரு விளக்குக்கும் தோட்டிக் கூலிக்கும் ஜனங்கள் வரி கட்டினார்கள். போதாததற்குப் போலீஸ் செலவிலும் ஒரு பங்கை நகரசபைகள் தலையில் கட்டி வைத்திருந்தது சர்க்கார். போலீஸ்காரனுக்கு உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் நகரசபைக்குக் கிடையாது.

இந்த நியமன உறுப்பினர்களுக்குள்ளும் ஒருவர் வாய் திறந்தார். ஜோதிராவ் புலே. 1876 முதல் சில ஆண்டுகள் அவர் பூனா நகரசபையில் இருந்தார். வைசிராய் லிட்டன் பிரபு பூனாவுக்கு வருகிறார், ஊரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் செலவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பணத்தை ஏழைகளின் படிப்புக்குச் செலவிடுங்கள் என்றார் புலே. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவரே என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. நகருக்குப் பெரிய மார்க்கெட் கட்டிடம் கட்டும் யோசனை வந்தபோதும், கட்டிடத்தை விடப் பள்ளிக்கூடம் முக்கியம் என்று எதிர்த்தார். அவரையும் மீறி 1886இல் ரே மார்க்கெட் திறக்கப்பட்டது. காய்கறி வாங்க இன்று நம்மவர் போகும் அந்த மார்க்கெட்டின் பெயர் மகாத்மா புலே மண்டை! எதிர்த்தவர் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

பம்பாயில் வளர்ந்த பூதம்

பூனா இப்படியிருக்க, பம்பாயில் வேறொரு காட்சி. 1865இல் வந்த சட்டம் நகர நிர்வாகம் முழுவதையும் ஒரே ஆளிடம் கொடுத்தது. அவருக்கு முனிசிபல் கமிஷனர் என்று பெயர், நியமிப்பது சர்க்கார். முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆர்தர் கிராபோர்டு. சாமான்யப்பட்ட ஆள் அல்ல. சதுப்பு நிலங்களைத் தூர்த்தார், சாலைகளை அகலப்படுத்தினார், சாக்கடை வெட்டினார், மார்க்கெட் கட்டினார். நகரம் துலங்கியது உண்மை. கஜானா காலியானதும் உண்மை. கணக்குக் கேட்க வேண்டிய ஜஸ்டிஸ் ஆப் தி பீஸ் கனவான்களோ, கடன் கழுத்தை நெரிக்கும்வரை விழித்துக்கொள்ளவில்லை.

1871இல் வரி கொடுப்போர் கொதித்து எழுந்தார்கள். கிராபோர்டை விரட்டினால் போதும் என்றது கூட்டம். அப்போது 26 வயதே ஆன பாரிஸ்டர் பெரோஸ்ஷா மேத்தா மட்டும் வேறு விதமாகச் சிந்தித்தார். குற்றம் ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது; வேலை செய்ய ஒரு திறமையான அதிகாரி இருக்கட்டும், அவரைக் கேள்வி கேட்க ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று மேலே இருக்கட்டும் என்பது அவர் வாதம். அன்று அவரைக் கூச்சலிட்டவர்கள் உண்டு. ஆனாலும் 1872 சட்டம் பாதிக்கிணறு தாண்டியது. 64 உறுப்பினர்களில் 32 பேரை வரி கொடுப்போர் தேர்ந்தெடுத்தனர்; 16 பேரை ஜஸ்டிஸ்கள் அனுப்பினர்; மீதி 16 பேர் சர்க்கார் நியமனம். 1888இல் வந்த பம்பாய் முனிசிபல் சட்டம் சபையை 72 பேராக்கியது. நிர்வாக அதிகாரமோ சர்க்கார் நியமிக்கும் கமிஷனரிடமே தங்கிவிட்டது. விக்டோரியா டெர்மினசுக்கு எதிரே மாநகராட்சிக் கட்டிடத்தின் முன்னால் மேத்தா சிலையாக நிற்கிறார். உள்ளே, கமிஷனர் நாற்காலி அவர் காலத்தில் இருந்த பலத்தோடேயே இருக்கிறது.

சென்ட்ரல் எதிரே உள்ள வெள்ளைக் கட்டிடம்

சென்னை சென்ட்ரலில் இறங்கி வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படும் வெள்ளைக் கட்டிடம் ரிப்பன் மாளிகை. 1913இல் திறக்கப்பட்டது, சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகம். 1688இலேயே பிறந்த அந்த மாநகராட்சிக்கு எத்தனையோ கவர்னர்கள் இருந்திருக்க, 1884இல் கப்பல் ஏறிப்போன ஒரு வைசிராயின் பெயரை ஏன் வைத்தார்கள்?

காரணம் 1882 மே 18ஆம் தேதி அவர் வெளியிட்ட ஒரு தீர்மானம். ஸ்தல ஸ்தாபனங்களில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, முடிந்த இடங்களில் எல்லாம் தேர்தல் வேண்டும், தலைவராக உத்தியோகஸ்தர் அல்லாதவரே வரவேண்டும், கலெக்டர் வெளியே இருந்து கண்காணித்தால் போதும் என்றது அது. போலீஸ் செலவைச் சர்க்காரே ஏற்றுக்கொண்டு, அந்தப் பணத்தைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் நகரசபைகள் செலவிட வழி செய்யவும் அவருடைய அரசு முன்வந்தது.

இதில் துணிச்சலான சங்கதி வேறு. இப்படிச் செய்தால் நிர்வாகம் உடனே செம்மையாகிவிடும் என்று ரிப்பன் சொல்லவில்லை. ஆரம்பத்தில் தப்புகள் நடக்கும், இருந்தாலும் ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கக் கற்றுக்கொள்வதற்கான பள்ளிக்கூடம் இது என்றார். சாக்கடை ஒழுங்காக ஓடுவதா முக்கியம், அதை ஓடவிடும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதா முக்கியம்? கிராபோர்டு ஒரு பதிலைச் சொன்னார் என்றால் ரிப்பன் இன்னொரு பதிலைச் சொன்னார்.

அதிகார வர்க்கம் சும்மா இருக்குமா? பம்பாய் சர்க்காரே இதை ரசிக்கவில்லை. 1884இல் பம்பாய் ஜில்லா முனிசிபல் சட்டம் வந்தபோது, குறைந்தது பாதி உறுப்பினர்கள் தேர்தல் மூலம் வரலாம் என்றது. நகரசபைத் தீர்மானத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடமும், கடமை தவறிய நகரசபையையே ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தைச் சர்க்காரிடமும் விட்டு வைத்தது. கயிறு நீளமாயிற்று, முனை சர்க்கார் கையிலேயே இருந்தது. சென்னை மாகாணத்திலும் அதே 1884இல் இதே போன்ற சட்டம் வந்தது.

ஓட்டு யாருக்கு என்பதையும் பார்க்கவேண்டும். சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான். குடக்கூலிக்கு இருந்தவன், கூலி வேலை செய்தவன், பெண்கள் யாருக்கும் கிடையாது. ஸ்தல சுயாட்சி என்று பெயர். ஸ்தலத்தில் வாழ்ந்த பெரும்பாலோர் அந்தக் கணக்கிலேயே இல்லை. பூனா நகரசபையில் அன்று உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதி வக்கீல்களும் வியாபாரிகளும் என்பதை மறைப்பதில் பயனில்லை. புலே முதலிலேயே கண்ட குறை இதுதான்.

ஆனாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தான். 1895இல் பால கங்காதர திலகர் தேர்தலில் வென்று பூனா நகரசபைக்குள் நுழைந்தார். நம் பக்கத்தில் பின்னாளில் சேலம் நகரசபைக்கு ராஜாஜியும் ஈரோடு நகரசபைக்குப் பெரியாரும் தலைவர்களானது ரிப்பன் திறந்த அதே கதவின் வழியாகத்தான்.

பிளேக் வந்தது

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டது. ஜனங்கள் ரெயில் ஏறி ஓடினார்கள். அவர்களோடு நோயும் ஏறியது. சில மாதங்களில் பூனாவில் பிணம் விழத் தொடங்கியது. எலித் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதை ஒரு பிரெஞ்சு டாக்டர் கண்டு சொன்னது 1898இல். அழுக்கு, காற்று, துணி, தரை எல்லாவற்றின் மீதும் சந்தேகம். நோயின் வழி தெரியாத நேரத்தில் அதிகாரம் மட்டும் தெளிவாக வந்தது. 1897 பிப்ரவரி 4ஆம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. மொத்தம் நாலே பிரிவுகள். அவசியம் என்று தோன்றும் எந்த விதியையும் சர்க்கார் போடலாம். நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் எவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. சுருக்கம் என்றால் இதுவல்லவா சுருக்கம்!

பம்பாயில் ஜெனரல் கேட்டாக்ரே தலைமையில் பிளேக் கமிட்டி அமைத்து, மாநகராட்சியை ஓரம் கட்டினார்கள். பூனாவுக்கு, சத்தாராவில் உதவிக் கலெக்டராக இருந்த வால்டர் சார்லஸ் ராண்ட் தலைவராக வந்தார். திலகர் உட்கார்ந்திருந்த நகரசபை அங்கேயே இருந்தது. ஆனால் ஊரில் எந்த வீட்டைத் திறப்பது, யாரைக் கொண்டுபோவது என்பதில் அதற்குப் பேச்சில்லை. 1897 மார்ச் 13ஆம் தேதி வீடுவீடாகச் சோதனை ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய 900 சிப்பாய்களும் அதிகாரிகளும் இதில் ஈடுபட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 10ஆம் தேதி, புலேயின் மனைவி சாவித்திரிபாய் காலமாகியிருந்தார். மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த நோய்க்கே பலியானார். ஊரார் தாங்களாகச் செய்த சேவை என்றால் இதுதான். திலகரும் ஊரைவிட்டு ஓடாமல் இந்துக்களுக்கென ஒரு பிளேக் ஆஸ்பத்திரி நடத்த உதவினார். நோயாளியைத் தனியே வைக்கவேண்டும் என்பதை அவர் எதிர்க்கவில்லை. செய்கிற விதத்தைத்தான் எதிர்த்தார்.

அந்த விதம் என்ன? தெரு முனையில் சிப்பாய்கள் வளைத்து நிற்பார்கள். மொழி தெரியாத வெள்ளைச் சிப்பாய் பூட்ஸ் காலோடு அடுக்களைக்கும் பூஜையறைக்கும் போவான். கட்டி இருக்கிறதா என்று அக்குளையும் தொடையிடுக்கையும் பார்க்கவேண்டும். பெண்களை வெளியே கொண்டுவந்து பார்த்ததாகப் புகார். நோயாளி இருந்த வீட்டுச் சாமான்கள் தெருவில் எரிந்தன. சந்தேகப்பட்டவர்கள் முகாமுக்குப் போனார்கள். கமிட்டி சார்பில் சொன்னவர்களோ, சிப்பாய்கள் கட்டுப்பாட்டுடன் நடந்தார்கள், புகார்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். லண்டனில் இருந்த கோகலே இந்தப் புகார்களை அங்கே பகிரங்கமாகப் பேசி, ஊர் திரும்பியதும் நிரூபிக்கச் சாட்சி கிடைக்காமல் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததும் உண்டு. எது எவ்வளவு உண்மை என்று கேட்க நடுவே ஒரு சபை இல்லாமல் போனதுதான் விபரீதம். புகார் சொல்ல யாரிடம் போவது? ராண்டிடமே போகவேண்டும்.

1897 ஜூன் 22. விக்டோரியா ராணியின் வைர விழா. கணேஷ்கிண்ட் கவர்னர் மாளிகையில் விருந்து முடிந்து திரும்பிய ராண்டும், லெப்டினெண்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டார்கள். அயர்ஸ்ட் உடனே இறந்தார். ராண்ட் ஜூலை 3ஆம் தேதி. தாமோதர் சாபேகர் 1898 ஏப்ரல் 18ஆம் தேதி ஏரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டார். இரு தம்பிகளும், கூட்டாளி மகாதேவ ரானடேயும் 1899 மே மாதத்தில். கேசரியில் வந்த எழுத்துக்காகத் திலகருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை. சாபேகர்கள் செய்தது கொலை; அயர்ஸ்டுக்குப் பிளேக் வேலையோடு சம்பந்தமும் இல்லை. அதைச் சொல்லும்போதே, கேள்வி கேட்க வேறு வாசலே இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கவர்னர் மாளிகைதான் இன்று சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம்.

1898 மார்ச்சில் பம்பாயிலும் சோதனையை எதிர்த்துக் கலகம். அதன் பிறகு சர்க்கார் கட்டாயத்தைப் படிப்படியாகத் தளர்த்தியது. ஊர்ப் பிரமுகர்களையும் நாட்டு வைத்தியர்களையும் கூட்டிக்கொண்டது. முதலிலேயே செய்திருக்கலாம்.

இங்கிலாந்தில் மட்டும்?

இதே சண்டை இங்கிலாந்திலும் நடந்ததுதான் வேடிக்கை. காலராவுக்குப் பயந்து 1848இல் அங்கே பொதுச் சுகாதாரச் சட்டம் செய்தார்கள். ஆயிரத்துக்கு 23 பேருக்கு மேல் சாகிற ஊரில், ஊரார் கேட்காவிட்டாலும் லண்டன் போர்டு தலையிடலாம். போர்டின் உயிர்நாடி எட்வின் சாட்விக். கெட்டிக்காரர், ஆனால் எவரையும் கலந்து பேசாதவர். எங்கள் ஊர் சாக்கடைக்கு லண்டனில் இருந்தா உத்தரவு என்று ஊர்கள் கிளம்பின. பார்லிமெண்டில் எதிர்ப்பு மூண்டது. 1854இல் சாட்விக் பென்ஷனோடு வீட்டுக்குப் போனார். இருபது ஆண்டு கழித்து பர்மிங்ஹாம் மேயர் ஜோசப் சேம்பர்லேன் தம் நகரசபையைக் கொண்டே கேஸ் கம்பெனியையும் தண்ணீர்க் கம்பெனியையும் விலைக்கு வாங்கி, ஊரைச் சீர்படுத்திக் காட்டினார். பர்மிங்ஹாமுக்குக் கமிஷனரை லண்டன் நியமிக்கவில்லை. அங்கே ஓட்டு இருந்தது, பார்லிமெண்ட் இருந்தது. அதிகாரி பதவி இழந்ததோடு சண்டை முடிந்தது.

இந்தியாவிலோ பூனா சம்பவத்தில் இருந்து நேர்மாறான பாடம் படித்தவர்களும் இருந்தார்கள். 1899இல் கர்சான் பிரபு காலத்தில் கல்கத்தா மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்படுவோர் எண்ணிக்கையை 50இல் இருந்து 25ஆக வெட்டினார்கள். சுரேந்திரநாத் பானர்ஜி உள்பட 28 பேர் ராஜினாமா செய்தார்கள். பூனாவில் கோகலே மட்டும் பொறுமையாக உள்ளே இருந்தே வேலை பார்த்தார். பிளேக் தொண்டரானார்; 1900களின் தொடக்கத்தில் நகரசபைத் தலைவராகவும் இருந்தார்.

ஆகுர்டி நிலவரம்

அந்தக் காலத்தில் ஆகுர்டி நகரசபைக் கணக்கில் வராத சிற்றூர். தொழிற்பேட்டையும் ஸ்கூட்டர் ஆலையும் வந்த பிறகுதான் ஊர் பெருத்தது. 1970இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஊர்களைச் சேர்த்து நகரசபை ஆக்கினார்கள், 1982இல் மாநகராட்சி. ஆளுவது 1949ஆம் ஆண்டு பம்பாய் மாகாண மாநகராட்சிச் சட்டம். பெயர் மட்டும் பின்னால் மாறியது. அதைப் புரட்டினால் கிராபோர்டு எட்டிப்பார்க்கிறார். நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். அவரை அனுப்புவது மாநில சர்க்கார். மேயருக்கு அங்கியும் காரும் உண்டு, பைலில் கையெழுத்தில்லை. இங்குள்ளோர் நகர்சேவக் என்று அழைக்கும் கவுன்சிலர் கேட்கலாம், கூச்சலிடலாம், பட்ஜெட்டை மாற்றலாம். உத்தரவு போட முடியாது. குழாயில் தண்ணீர் வராத சாளிக்காரர் நகர்சேவக் வீட்டுக்கு நடப்பதும், அவர் வார்டு ஆபீசுக்கு நடப்பதும் இதனால்தான்.

அந்த நகர்சேவக்கும் இல்லாத காலம் ஒன்று சமீபத்தில் வந்தது. 2022 மார்ச்சில் உறுப்பினர்களின் ஐந்தாண்டு முடிந்தது. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், காலம் முடியுமுன் தேர்தல் நடத்தவேண்டும் என்கிறது. இட ஒதுக்கீடு வழக்கு, வார்டு எல்லை வழக்கு என்று இழுத்து, மூன்று ஆண்டுக்கு மேல் கமிஷனரே நிர்வாகியாக இருந்தார். பட்ஜெட்டைப் போட்டவரும் அவரே, பாஸ் செய்தவரும் அவரே. 2026 ஜனவரியில்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. நாலு பிரிவுச் சட்டமும் செத்துவிடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மகாராஷ்டிர அரசு கையில் எடுத்தது அதே 1897 சட்டத்தைத்தான்.

இதில் தமிழ்த் தொழிலாளி எங்கே நிற்கிறார்? 1884இல் சொத்து இல்லாததால் ஓட்டு இல்லை. இன்று சட்டம் தடுக்கவில்லை. குடக்கூலிக்கு இருப்பவருக்கும் உண்டு. ஆனால் பத்து, இருபது ஆண்டு ஆகுர்டியில் தண்ணீர் குடித்தும், திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ ஓட்டை வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஊர்ப் பிடிப்பு, ரேஷன் கார்டு, பங்காளிக்குப் பயம் என்று காரணம் பல. சிலருக்கு அது நியாயமாகவும் இருக்கும். குழாய் இங்கே, ஓட்டு அங்கே என்றால் நகர்சேவக் எதற்காக அந்தச் சந்துக்குள் நுழைவார்?

மாநகராட்சித் தேர்தலுக்குத் தனிப் பட்டியல் கிடையாது. சட்டசபை வாக்காளர் பட்டியலையே வார்டுவாரியாகப் பிரித்து எடுக்கிறார்கள். வேறு தொகுதியில் பெயர் உள்ளவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ள 8ஆம் நம்பர் படிவமும், புதிதாகச் சேருகிறவர்கள் 6ஆம் நம்பர் படிவமும் கொடுக்கவேண்டும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது குற்றம்.